வீட்டு விந்தணுப் பரிசோதனைக் கிட்: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருத்தியின் மதிப்பீடு

விந்தணு எண்ணிக்கை போதுமா என்று வீட்டிலேயே காட்டும் என்று அட்டைப் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது, அதை இந்தக் கிட் செய்துவிடுகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து இதை வாங்கும் ஆண் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று. அதைச் சொல்ல இந்தக் கிட்டுக்கு வழியில்லை. வாங்குவதற்கு முன் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஓய்வுபெறும் வரை லேப் டெக்னீஷியனாக இருந்தேன். இரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பார்த்திருக்கிறேன். விந்துப் பரிசோதனை என்றால் உடன் வேலை பார்த்த பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்த டப்பாக்கள் எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். நான் அந்த வேலையை விரும்பிச் செய்தேன். சர்க்கரை ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவுன்டரில் சாய்ந்துகொண்டு கதை பேசுவார்கள். விந்து ரிப்போர்ட் வாங்க வருகிறவர் வாசலிலேயே நிற்பார், கவரைப் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார். அந்தக் கவருக்குள் இருக்கும் எண்கள் சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

கிட்டை வாங்கியவன் என் அக்கா மகன். திருமங்கலத்தில் ஒரு பேக்கரியில் வேலை. விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்புக்கு முன்னால் நின்றுவிடுவான். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, குழந்தை இல்லை. இதற்குள் அவன் மனைவிக்கு நடந்தவற்றைக் கேளுங்கள். மாதாமாதம் முட்டை வளர்ச்சி ஸ்கேன், ஹார்மோன் மாத்திரை, ஊசி, சினைக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே எடுத்த அன்று அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வீடு திரும்பினாள். கோயிலில் தொட்டில் கட்டியாயிற்று, அரசமரம் சுற்றியாயிற்று, வெள்ளிக்கிழமை விரதமும் ஆயிற்று. இத்தனைக்கும் நடுவில் கணவனுக்கு ஒரு விந்துப் பரிசோதனை எழுதிக்கொடுக்க அவர்கள் போய்வந்த மருத்துவமனையில் எவருக்கும் தோன்றவில்லை.

குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஏதாவது ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம், சிலரிடம் இருவர் பக்கமும் உண்டு. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றாவது ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இவ்வளவு பரவலான ஒன்றில், வலியில்லாத, ஊசியில்லாத, மலிவான ஒரு பரிசோதனையைக் கடைசியில் செய்வது என்ன நியாயம்? பெண்ணின் உடலில் முதல் ஊசி ஏறுவதற்கு முன்னால் ஆணின் டப்பா லேபுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு இதில் இன்னும் கோபம் தணியவில்லை.

இணையத்தில் தேடி அவனாகவேதான் கிட்டை வரவழைத்தான். "ஏன் தம்பி, நேராக லேபுக்குப் போயிருக்கலாமே" என்றேன். "அந்த அறைக்குள் போவதையும் வருவதையும் நாலு பேர் பார்ப்பார்கள் சித்தி" என்றான். அவன் சொன்னது உண்மை. எங்கள் கூடத்தில் முதலில் இதற்கென்று அறையே கிடையாது. தாழ்வாரக் கடைசியில் இருந்த கழிப்பறையைக் காட்டுவோம். வெளியே மூன்று பேர் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். செய்தித்தாளில் சுற்றிய டப்பாவைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள். உரிமையாளரிடம் பலமுறை சண்டை போட்ட பிறகுதான் தாழ்ப்பாளும் கைகழுவும் தொட்டியும் உள்ள தனி அறை ஒன்று கிடைத்தது. இன்றும் பல இடங்களில் அது இல்லை. ஆகவே இந்தக் கிட்டின் முதல் நன்மை இது: யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு ஆணைத் தொடங்க வைக்கிறது. லேப் வாசலுக்கே வராமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைந்த ஊரில் இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை.

பெட்டிக்குள் இரண்டு பரிசோதனைகளுக்கான பொருட்கள் இருக்கின்றன. இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகள், இரண்டு உறிஞ்சு குழல்கள், கரைசல் நிறைந்த இரண்டு சிறு புட்டிகள், கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் போலவே தோற்றமளிக்கும் இரண்டு பட்டைகள். விந்தைக் கோப்பையில் எடுத்து, அது நீர்த்துப்போகும் வரை காத்திருந்து, குழலால் கோடு வரை உறிஞ்சிப் புட்டியில் கலந்து, சில துளிகளைப் பட்டையின் குழியில் விட வேண்டும். சில நிமிடங்களில் முடிவு தெரிகிறது. ஒரு கோடு வந்தால் ஒரு மில்லிலிட்டரில் 2 கோடிக்கும் குறைவான விந்தணுக்கள். இரண்டு கோடு வந்தால் 2 கோடி அல்லது அதற்கு மேல்.

செய்முறைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. இவ்வளவு அந்தரங்கமான ஒரு பொருளை வாங்கிவிட்டு, அதைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடிப் போக முடியுமா? காத்திருக்கும் நேரம் சிறிய எழுத்தில் இருக்கிறது. விந்து வெளிவந்ததும் கெட்டியாகக் கூழாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்துக்குள், சிலருக்கு ஒரு மணி நேரம் வரை கூட, அது நீர்த்துப்போகும். அதற்குள் அவசரப்பட்டு உறிஞ்சினால் கட்டியான பகுதியோ வெறும் நீரோ குழலில் ஏறும், முடிவு தவறிவிடும். லேபில் இதற்காக டப்பாவை 37 டிகிரியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அவனுக்கு இரண்டு கோடு வந்தது. உடனே தொலைபேசியில் அழைத்தான். "சித்தி, எனக்கு ஒன்றும் இல்லை. நார்மல் என்று வந்துவிட்டது." அந்தக் குரலில் இருந்த நிம்மதிதான் எனக்குக் கவலையைத் தந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் அடுத்து என்ன நடக்கும்? மறுபடியும் அந்தப் பெண்ணை மேசையில் படுக்க வைப்பார்கள்.

பட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் என் கவலை புரியும். விந்தணுவின் தலையின் முன்பகுதியில், முட்டையின் உறையைத் துளைத்து உள்ளே போவதற்கான பொருட்கள் அடைத்த சிறு பை ஒன்று உண்டு. அதில் எஸ்பி-10 என்ற புரதம் இருக்கிறது. புட்டியில் உள்ள கரைசல் அந்தப் புரதத்தை வெளியே கொண்டுவருகிறது. பட்டையில் பூசியிருக்கும் எதிர்ப்பொருள் அதைப் பிடித்துக் கோடாகக் காட்டுகிறது. புரதம் போதிய அளவில் இருந்தால் கோடு. அந்த அணு உயிரோடு இருந்ததா, செத்துக் கிடந்ததா, நீந்தியதா, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டியதா என்று பட்டைக்குத் தெரியாது. பெரியார் பஸ் நிலையத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, எத்தனை பஸ் ஓடுகிறது என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது.

பெட்டியில் மீதமிருந்த இரண்டாவது பட்டையை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வரச் சொன்னேன். என்னிடம் வேலை கற்ற பெண் ஒருத்தி இப்போது வேறொரு கூடத்தில் விந்துப் பரிசோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே தனி அறை உண்டு. அவன் கொடுத்த ஒரே மாதிரியை வைத்து, ஒரே மணி நேரத்துக்குள், ஒரு மேசையில் பட்டையையும் மறு மேசையில் நுண்ணோக்கியையும் வைத்துப் பார்த்தோம். பட்டையில் மறுபடியும் இரண்டு கோடு. நுண்ணோக்கியில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 கோடியே 40 லட்சம். ஆக, கிட் பொய் சொல்லவில்லை. தன்னிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலையே தந்தது.

மீதி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். அளவு 1.8 மில்லிலிட்டர். முன்னோக்கி நீந்தும் அணுக்கள் 11 சதவீதம். இடத்திலேயே அசைபவற்றையும் சேர்த்தால் 26 சதவீதம். இயல்பான வடிவம் 2 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ள கீழ்வரம்புகள் இவை: அளவு 1.4 மில்லிலிட்டர், எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தம் 3 கோடியே 90 லட்சம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், மொத்த அசைவு 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். எங்கள் பையனின் மொத்த எண்ணிக்கையைப் பெருக்கிப் பார்த்தால் 4 கோடியே 32 லட்சம் வருகிறது, வரம்புக்கு மேல்தான். ஆனால் அதில் முன்னோக்கிப் போகக்கூடியவை ஏறத்தாழ 47 லட்சம் மட்டுமே. கீழ்வரம்பின்படி பார்த்தால்கூட 1 கோடியே 17 லட்சமாவது இருந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை இரண்டு கோடு மறைத்துவிட்டது.

வரம்புகளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் வரம்புக்குக் கீழே போன எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைப் பார்த்து உடைந்துபோகிறவர்கள் அதிகம். மனைவி ஓராண்டுக்குள் கருவுற்ற ஆண்களின் மாதிரிகளை வரிசைப்படுத்தி, அதில் கீழிருந்து ஐந்து சதவீதம் எங்கே வருகிறதோ அதைத்தான் கீழ்வரம்பாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்றோ, மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்றோ பொருள் கிடையாது. வடிவம் 4 சதவீதம் என்பதைப் பார்த்து "மீதி 96 ஊனமா அம்மா" என்று கேட்டவர்கள் என் மேசைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான தகப்பன்மாருக்கும் பெரும்பாலான அணுக்கள் வடிவம் கோணலாகத்தான் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரும் பெரிய சிகிச்சைக்கு இழுத்தால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரே ஒரு கோடு வந்தால்? 2 கோடிக்குக் கீழே என்பதில் 1 கோடியே 90 லட்சமும் அடக்கம், பூஜ்யமும் அடக்கம். முதலாமவர் உலக சுகாதார நிறுவன வரம்புக்கு மேலேயே இருக்கிறார். இரண்டாமவருக்கு அசூஸ்பெர்மியா, அதாவது விந்தில் அணுவே இல்லாத நிலை; அவருக்கு உடனடியாக மருத்துவர் வேண்டும். இருவருக்கும் பட்டை ஒரே பதிலைத் தருகிறது. ஆண்களில் நூற்றுக்கு ஒருவருக்கு விந்தில் அணுவே இருக்காது. அவர்களுக்கு உடலுறவில் குறை இருக்காது, விந்தின் தோற்றத்திலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. விந்தில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் திரவம். அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம். "எனக்கு அந்த விஷயத்தில் எந்தக் குறையும் இல்லை" என்று சொல்லிப் பரிசோதனையைத் தவிர்க்கும் ஆண்கள் இதை அறிய வேண்டும்.

பூஜ்யம் என்று எழுதுவதற்கு முன் நாங்கள் எவ்வளவு தேடுவோம் தெரியுமா? ஸ்லைடில் ஒன்றும் தென்படவில்லை என்றால் மாதிரியைச் சுழற்றியில் போட்டு வேகமாகச் சுற்றி, அடியில் படியும் வண்டலை எடுத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்போம். வண்டலில் ஒன்றிரண்டு அணுக்கள் கிடைத்தால்கூட அந்த ஆணின் கதையே மாறிவிடும். அப்படியும் ஒன்றும் இல்லை என்றால் இன்னொரு நாள் இன்னொரு மாதிரி வாங்கி மறுபடியும் பார்த்த பிறகுதான் உறுதி செய்ய வேண்டும். விந்தின் அளவும் மிகக் குறைந்து, புளிப்புத் தன்மையும் இருந்தால், விந்துப்பை சுரக்கும் சர்க்கரையான ஃபிரக்டோஸ் இருக்கிறதா என்று பார்ப்போம். ரிசார்சினால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் சூடாக்கினால் சிவப்பு நிறம் வர வேண்டும். நிறம் வரவில்லை என்றால் விந்துப்பையின் திரவமே வந்து சேரவில்லை. பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களிடமும், குழாய் சேருமிடத்தில் அடைப்பு உள்ளவர்களிடமும் இப்படி வரும். எளிய ஒரு பரிசோதனைக் குழாயில் இவ்வளவு தகவல் கிடைக்கும். பட்டை இதில் எதையும் தொடுவதில்லை. அளவைக்கூட அது கேட்பதில்லை.

எல்லா லேபும் ஒழுங்காகச் செய்கிறது என்று நான் சொல்லமாட்டேன். முறைப்படி செய்தால் குறைந்தது 200 அணுக்களையாவது எண்ணி, மறுபடி ஒருமுறை எண்ணி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். சில இடங்களில் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு "60 மில்லியன், 70 சதவீதம்" என்று கண்ணளவில் எழுதிவிடுகிறார்கள். வளராத விந்தணு செல்களும் சீழ்ச் செல்களும் சாதாரணமாகப் பார்த்தால் ஒரே மாதிரி உருண்டையாகத் தெரியும். பெராக்சிடேஸ் சாயம் போட்டுப் பிரித்துப் பார்க்காமல் அத்தனையையும் சீழ் என்று எழுதினால், அந்த மனிதர் தேவையே இல்லாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்குவார். இப்படிப்பட்ட லேபைவிட இந்தக் கிட் மேல் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. ஆனால் அதற்குத் தீர்வு நல்ல லேபைத் தேடுவது.

மாதிரி கொடுப்பவர் செய்ய வேண்டியவையும் உண்டு. கிட் வைத்துப் பார்த்தாலும் இவை பொருந்தும். இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அதிக நாள் விட்டால் நல்லது என்று ஒரு மாதம் காத்திருந்து வருபவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடும், அசைவு குறைந்துவிடும். எண்ணெய், சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது. முதலில் வெளிவரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்திவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அல்லது வேறொரு நாள் வாருங்கள். வீட்டில் எடுத்துக் கொண்டுவருவதென்றால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், உடம்போடு ஒட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கெட்டுப்போகக் கூடாதென்று ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவந்தவர்கள் பலர். திருமங்கலத்திலிருந்து காலைப் போக்குவரத்தில் கோரிப்பாளையம் வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும் என்பதால்தான் எங்கள் பையனை அறை உள்ள கூடத்துக்கே வரச் சொன்னேன். இரண்டு மூன்று மாதத்துக்குள் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டெங்குவோ டைபாய்டோ, அந்தச் சூட்டின் பாதிப்பு விந்தில் பிறகுதான் தெரியும்.

ரிப்போர்ட்டுடன் ஒரு சிறுநீரியல் மருத்துவரிடம் போனான். அவர் முதலில் செய்தது, அவனை நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்ததுதான். நூலில் கோத்த, படிப்படியாகப் பெரிதாகும் முட்டை வடிவ மணிகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு விரையின் பருமனை ஒப்பிட்டார். இரண்டு பக்கமும் விந்துக்குழாய் விரலுக்கு அகப்படுகிறதா என்று தடவினார். மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார். இடப் பக்கம் விரைக்கு மேலே இரத்தச் சிரைகள் புடைத்துத் திரண்டிருப்பது கண்ணுக்கே தெரிந்தது. வெரிகோசீல், மூன்றாம் நிலை. நான்கு ஆண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் வேட்டியை விலக்கிப் பார்க்கவில்லை.

எல்லா ஆண்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு வெரிகோசீல் உண்டு. அவர்களில் பலருக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். விந்தில் குறை கண்டு வருகிறவர்களிடம் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இடப் பக்கமே அதிகம் வருவதற்கு உடலமைப்புதான் காரணம்: இடது விரையின் சிரை நெடுந்தூரம் மேலேறி, இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. இரத்தம் கீழே தேங்கிச் சூட்டை ஏற்றுகிறது. உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகத்தான் அது உடலுக்கு வெளியே தொங்குகிறது. இவனுக்கு உள்ளே அந்தச் சூடு, வெளியே அடுப்புச் சூடு.

கையால் தடவினால் தெரிகிற அளவில் வெரிகோசீல் இருந்து, விந்திலும் குறை இருந்தால்தான் அறுவைசிகிச்சை பயன் தரும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறு புடைப்புக்குக் கத்தி வைக்கச் சொன்னால் யோசியுங்கள். இவனுக்கு நுண்ணோக்கியின் கீழ், அரைக்குக் கீழே சிறு கீறல் போட்டு, தமனியையும் நிணநாளங்களையும் காப்பாற்றிக்கொண்டு புடைத்த சிரைகளை மட்டும் கட்டினார்கள். முதலாளியிடம் பேசி அடுப்படியிலிருந்து மாவு பிசையும் பக்கத்துக்கு மாறிக்கொண்டான். பீடியையும் விட்டான். ஓர் அணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாள், பிறகு விரைமேல் குழாயில் பயணம்; ஆகவே எதைச் செய்தாலும் மூன்று மாதம் போகாமல் மறுபரிசோதனைக்குப் பொருளில்லை. அவனுடைய மூன்றாம் மாத ரிப்போர்ட்டில் முன்னோக்கி நீந்துபவை 27 சதவீதம். இன்னும் வரம்பைத் தொடவில்லை. மருத்துவர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அதுவரை மருமகளுக்கு மாத்திரையும் ஊசியும் நிறுத்தியாயிற்று. என் மனதுக்கு அதுவே பெரிய நிம்மதி. இந்த அறுவைசிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை என்பதையும் அவனிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

மற்றவர்களுக்கு வேறு வழிகள். மூளையிலிருந்து விரைக்குக் கட்டளையாக வரும் எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களையும், விரை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் இரத்தத்தில் பார்த்தால் குறை எங்கே என்று பிரியும். எஃப்எஸ்எச் உயர்ந்து விரை சிறுத்திருந்தால் உற்பத்தியிலேயே கோளாறு. எஃப்எஸ்எச்சும் எல்எச்சும் மிகக் குறைந்திருந்தால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை. எச்சிஜி, எஃப்எஸ்எச் ஹார்மோன் ஊசிகளைப் பொறுமையாகப் பல மாதங்கள் போட்டால் அணுவே இல்லாதவருக்கும் அணு வரலாம். மருந்தால் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கும் வகை இது ஒன்றுதான் என்று சொல்லலாம். எல்லாம் இயல்பாக இருந்தும் விந்தில் அணு இல்லை என்றால் வழியில் அடைப்பு இருக்கலாம். அடைப்புக்குப் பின்னால் அணு காத்துக்கொண்டிருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுத்து, இக்ஸி முறையில் ஒரே ஓர் அணுவை முட்டைக்குள் செலுத்தலாம். பிரஸ்ஸல்ஸ் நகரில் 1992இல் இந்த முறையில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய செய்தி வந்தபோது எங்கள் மேசையின் பொருளே மாறிப்போனது. அதற்கு முன் வண்டலில் ஒன்றிரண்டு அணு இருந்து என்ன பயன் என்று விட்டுவிடுவார்கள்.

உற்பத்தியே குறைந்தவர்களுக்கு நுண்ணோக்கியின் கீழ் விரையைத் திறந்து, அணு இருக்கக்கூடிய தடித்த நுண்குழல்களைத் தேடி எடுக்கும் மைக்ரோ டீசே முறை 1999இல் வந்தது. அதற்கு முன் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கு வேண்டிய ஏஇசட்எஃப் என்ற இடத்தில் ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லாதவரிடம் எவ்வளவு தேடினாலும் அணு கிடைக்காது; இரத்தப் பரிசோதனை ஒன்று அவரை ஓர் அறுவைசிகிச்சையிலிருந்து காப்பாற்றும். சி பகுதி இல்லாதவரிடம் கிடைக்க வாய்ப்புண்டு, ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அந்தக் குறை போய்ச் சேரும். இதை முன்கூட்டியே சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

ஜிம்மில் உடம்பை ஏற்றிக்கொள்ள டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் இளைஞர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறியதும் மூளை தன் கட்டளையை நிறுத்திவிடும். விரை வேலையை நிறுத்திவிடும். கருத்தடை ஊசியாகவே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தோள் இரண்டும் மலைபோல் இருக்க, டப்பாவில் ஓர் அணுகூட இல்லாத பையன்களை என் பணியின் கடைசிக் காலத்தில் பார்த்தேன். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பும், ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும்.

இந்தக் கிட்டை விற்கும் பக்கத்திலேயே துத்தநாகம், ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரை டப்பாவையும் சேர்த்து விற்கிறார்கள். 2,370 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2020இல் வெளியானது. அந்த இரண்டையும் ஆறு மாதம் விழுங்கியவர்களுக்கு விந்தும் மேம்படவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. கிட்டோடு மாத்திரையைக் கோத்து விற்பதுதான் இந்த நிறுவனத்திடம் எனக்குப் பிடிக்காத விஷயம். லாட்ஜில் அறை எடுத்து லேகியம் விற்பவர்களும் இதே பயத்தைத்தான் விலைபேசுகிறார்கள்.

கைபேசியில் மாட்டிப் படம் எடுக்கும் இன்னொரு வகைக் கிட்டும் கிடைக்கிறது. அது அசையும் அணுக்களைக் கணக்கில் எடுக்கிறது. கோடு காட்டும் பட்டையைவிட ஒரு படி மேல். வடிவம், சீழ்ச் செல், வண்டல் எல்லாம் அதற்கும் எட்டாதவை.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தக் கிட்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். ஒரு கோடு வந்தது, அணு இல்லை என்று நம்பிவிடுவார்கள். 2 கோடிக்குக் கீழே என்றால் அதில் இலட்சக்கணக்கில் இருக்கலாம். அவர்கள் மூன்று மாதம் கழித்து லேபில் காட்டி, அணு இல்லை என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

என் மதிப்பெண் பத்துக்கு நான்கு. நான்கும், கூச்சத்தைத் தாண்ட உதவுவதற்காகவும், சொன்ன ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் தருவதற்காகவும். மற்ற ஆறு மதிப்பெண்ணைப் பெட்டியில் மூன்று வரி கூடுதலாக அச்சிட்டால் நிறுவனம் எளிதாகப் பெறலாம்: இரண்டு கோடு வந்தாலும் அசைவு தெரியாது, லேபில் பாருங்கள், ஒரு கோடு வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், உங்கள் முடிவு வரும்வரை மனைவிக்குச் சிகிச்சை தொடங்க வேண்டாம். இதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். அவர்களுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கிட்டின் விலையைவிடக் குறைந்த செலவில் எங்கள் ஊரிலேயே முழு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். போவதற்கு முன் லேபுக்குத் தொலைபேசியில் அழைத்து, தனி அறை இருக்கிறதா, மாதிரி கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்ப்பீர்களா, எத்தனை அணுக்களை எண்ணுவீர்கள், அணு தென்படாவிட்டால் சுழற்றிப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். "கொடுத்த பத்தாவது நிமிடத்தில் ரிப்போர்ட் கையில் கிடைக்கும் சார்" என்று பெருமையாகச் சொன்னால் வேறு லேபைப் பாருங்கள். அந்த நேரத்தில் விந்து நீர்த்துக்கூட இருக்காது.